ஏலத்துக்கு வந்த ஹெர்னியா

“…அதான் சொல்றேன், மொதல்ல ஜன்னல சாத்து சார், அப்பால பேனாவத் தொற. இந்தத் தெருவுல செவுத்துக்கு மட்டும் இல்ல, கொசுவலைக்கும் காது கீது” என்றார் முதல் வீட்டு அக்கா.

மேற்குத் தாம்பரத்தில், ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த அந்தத் தெருவுக்கு, அதே பன்னிரண்டு வீடுகளுக்கு, அதே கேள்வியோடு நான் நான்காவது தடவையாக வந்திருந்தேன்.

ஒரு ஆபரேஷனுக்கு அரசாங்கம் காப்பீட்டின் பேரில் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு கொடுத்தால் நியாயம் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. அதற்கு முதலில் ஜனங்கள் தங்கள் கையிலிருந்து எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். எனக்குப் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தது தபால் வழிக் கல்வியும் தாம்பரம்–பீச் மின்சார ரயிலும்தான். ஒழுங்காக வகுப்பில் உட்கார்ந்து படித்திருந்தால், முதல் தடவை போனபோது அந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டேன். தண்ணி லாரி வரும் நேரமாகப் பார்த்துப் போனேன். எல்லாரும் குடத்தோடு வாசலில் இருப்பார்கள், அலைச்சல் மிச்சம் என்று கணக்கு.

“போன வருஷம் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தார்களா? எவ்வளவு ஆச்சு?”

முதல் வீட்டு அக்காவின் கணவர் லேத் பட்டறைக்காரர். “எங்க வூட்டுக்காரருக்கு ஹெர்னியா சார். பதினெட்டாயிரம்” என்றார் அக்கா, தெரு முழுக்கக் கேட்கும்படி.

“பதினெட்டுதானா?” என்றார் இரண்டாம் வீட்டுக்காரி, குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு. “எங்க மாமியாருக்குப் பித்தப்பையில கல்லு. இருபத்திரெண்டு. ஏசி ரூமு.”

மூன்றாம் வீட்டில் டியூஷன் எடுக்கும் டீச்சர். “அப்பெண்டிக்ஸ். இருபத்தஞ்சு ஆச்சு சார். டாக்டர் ஃபாரின்ல படிச்சவர், அதான்.”

அதோடு ஏலம் சூடு பிடித்துவிட்டது. எட்டாம் வீட்டில் ஒரு டான்சில் முப்பத்தைந்தைத் தாண்டியது. பன்னிரண்டாம் வீட்டுக்காரர் பாவம், காலில் கண்ணாடித் துண்டு குத்தி ரெண்டு தையல் போட்டவர். தெருவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். “நாப்பது.”

“ரெண்டு தையலுக்கா?”

“உள்தையல் சார்.”

கிளம்பும்போது இரண்டாம் வீட்டுக்காரி எனக்கு விளக்கமும் கொடுத்தார். “ஆபரேஷனும் பட்டுப்பொடவையும் ஒண்ணு சார். வெலயச் சொன்னாத்தான் ஊரு திரும்பிப் பாக்கும்.” இப்படிப்பட்ட வாக்குகளைக் கேள்வித்தாளின் பின்பக்கத்தில் எழுதி வைப்பது என் வழக்கம். அதையும் எழுதிக்கொண்டேன்.

என் நெறியாளர் மேடம் அந்த எண்களை வரைபடமாகப் போட்டுப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “என்னப்பா இது, வீட்டு நம்பர் ஏற ஏற வைத்தியச் செலவும் ஏறுது? குன்றத்தூர் படிக்கட்டு மாதிரி இருக்கு. உச்சியில முருகன் இருக்காரா?” கேள்வித்தாளைப் பின்பக்கம் திருப்பினார். “இந்தப் பக்கம் மட்டும்தான் நம்பற மாதிரி இருக்கு” என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “பத்து நாள். சரியான எண் வரலன்னா இந்த அத்தியாயம் கிடையாது. அத்தியாயம் இல்லன்னா உன் உதவித்தொகைய நீட்டிக்கச் சொல்லி நான் கையெழுத்துப் போட முடியாது.”

எனக்கு அந்த உதவித்தொகைதான் சோறு. ஓடினேன். பில் காட்டுங்கள் என்றேன். ஒருவர் கரண்ட் பில்லை நீட்டினார். இன்னொருவர் எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து வெயிலில் பிடித்து, “பில்லு இல்ல, எலும்பு கீது, பாத்துக்கோ” என்றார்.

தெருமுனையில் என் வயசுள்ள டெய்லர் பாய் ஒருவர். நான் சோர்ந்து உட்கார்ந்தால் முக்காலியை நகர்த்திப் போடுவார். விஷயத்தைக் கேட்டுவிட்டு வாயிலிருந்த நூலைத் துப்பினார். “பில்லக் கேட்டா எவன் சார் குடுப்பான்? பேரம் பேசி எவ்ளோக்குக் கொறச்சீங்கன்னு கேளு. ஜெயிச்ச பேரத்த மறைக்கிறவன் மெட்ராஸ்லயே கெடையாது.”

ஞானம் வந்தவன்போல மறுநாளே போனேன். எப்போது? அதே தண்ணி லாரி நேரத்தில்.

முதல் வீட்டில் பதினெட்டு பன்னிரண்டாக இறங்கியது. “நாங்க பத்துக்கு முடிச்சோம்” என்றார் பித்தப்பை. டீச்சர் எட்டு என்றார். டான்சில் மூவாயிரத்துக்கு வந்து நின்றது. பன்னிரண்டாம் வீட்டுக்காரர் இந்தத் தடவை தயங்கவே இல்லை. “காசே வாங்கல சார். ஆட்டோவுக்கும் டாக்டரே குடுத்து அனுப்பினாரு.”

முக்காலிக்குத் திரும்பி வந்து பாயிடம் காட்டினேன். அவர் தையல் மிஷினை நிறுத்தாமலே, “ஏறினா எறங்கித்தானே சார் ஆவணும்” என்றார்.

ஒன்பதாவது நாள் மத்தியானம், லாரியும் இல்லாமல் ஆளும் இல்லாமல் தெரு காய்ந்துகொண்டிருந்தபோது, நான் அந்த முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைக்குப் போய்த் திரும்பிய முதல் வீட்டு அக்கா நின்று பார்த்தார். “இன்னா சார், உன்னியே அட்மிட் பண்ணணும் போல கீது மூஞ்சி? இன்னா பேஜாரு?” படிக்கட்டு, அத்தியாயம், மேடத்தின் கையெழுத்து, நாளை ஒருநாள்தான் பாக்கி என்று எல்லாவற்றையும் கொட்டினேன். “இத்த மொதல்லயே சொல்லக் கூடாதா? உள்ள வா” என்று கூட்டிப்போய்த்தான் ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

சாத்தினேன். அறை சினிமா கொட்டகைபோல இருண்டது. அக்கா அரிசி டின்னுக்குள் முழங்கைவரை விட்டு, நாலாய் மடித்த ஒரு காகிதத்தை எடுத்து, உமியை ஊதிவிட்டு என் கையில் வைத்தார். ஆஸ்பத்திரி பில். ஆறாயிரத்து இருநூறு.

கட்டிலில் உட்கார்ந்திருந்த அவர் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். “ரெண்டு நாளுதான் சார் படுத்தேன். சாப்பாடுகூட வூட்லேந்துதான்” என்றார், திருடிய பொருளை ஒப்படைப்பவர்போல.

அந்த அத்தியாயம் பிழைத்தது. மற்ற வீடுகளிலும் ஒவ்வொன்றாய் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கேட்டேன். படிக்கட்டு மறைந்தது, மேடம் கையெழுத்துப் போட்டார். ஆய்வேட்டில் இந்த முறைக்கு ‘தனிமையில் நேர்காணல்’ என்று கௌரவமாகப் பேர் வைத்தேன். இன்றுவரை எந்த ஊருக்குக் கணக்கெடுக்கப் போனாலும் முதலில் என் கண் ஜன்னலைத்தான் தேடும்.

ஆனால் அன்று அந்த இருட்டில் அது எதுவும் எனக்குத் தெரியாது. எண்ணை எழுதி முடித்துப் பேனாவை மூடினேன்.

“எழுதிகினியா?”

“ஆச்சுக்கா.”

“எவளாண்டயும் காட்ட மாட்டியே?”

“சத்தியமா மாட்டேன்.”

அக்கா பில்லை வாங்கி மறுபடி அரிசிக்குள் புதைத்தார். எழுந்து போய் ஜன்னலின் இரண்டு கதவையும் படாரென்று திறந்தார். தலையை வெளியே நீட்டித் தெருவைப் பார்த்துக் கத்தினார்: “ஏ, சாரு பில்லப் பாத்துட்டாருடி! பதினெட்டு இல்லியாம், இருபதாம்!”