அண்ணனுக்கு மேலே இன்னொருவர்

கற்பிட்டிக் கடலோரச் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே நிற்கிறேன். சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்த இடத்தில் அண்ணன் காய்ச்சலில் செத்தார். இந்த மதிலோரப் பூவரசின் கீழ்தான் புதைத்தோம். சண்டை முடிந்து இப்போதுதான் மெழுகுதிரி கொளுத்த வருகிறேன். அங்கே வேறு பெயரில் சிலுவை நிற்கிறது. ஒரு பெண் இருந்து புல் பிடுங்குகிறார்.

"அக்கா, இது எங்கட அண்ணன்ட குழி."

"இருக்கும் தம்பி. இஞ்ச இடமில்ல. பழைய குழியிலதான் திரும்பவும் வைக்கிறது. மேல என்ட மனுசன், கீழ உங்கட அண்ணன்."

நான் பையிலிருந்து மெழுகுதிரியை எடுக்கிறேன்.

"இவர் பெரிய குறட்டைக்காரன். உங்கட அண்ணன் பாவம்."

"செல்குண்டு அடிச்ச நாளிலயிருந்து அண்ணனுக்குக் காது கேளாது."

"அப்ப ஒத்துப்போவாங்க" என்று சிரித்து, எனக்குத் தள்ளி இடம் விடுகிறார்.