எழுத்தாளருக்கு ஒரு குளிசை

போரில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து அக்கராயன் கிராமத்துக்கு வந்தபோது, என் சித்தி நல்ல சேலைகளை விட்டுவிட்டு விஞ்ஞானக் கதைப் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு வந்தார். எல்லாம் இந்தியாவிலிருந்த ஒரே எழுத்தாளருடையவை. தன் தையல் வகுப்பு அக்காமாருக்கு அவற்றை இரவல் கொடுத்து, அந்த மனிதருக்கு எங்கள் ஊரில் ஒரு ரசிகர் கூட்டத்தையே உண்டாக்கிவிட்டார். செவ்வாய்க்கிரகத்து நடப்பெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

வவுனியாவுக்குப் போய்வந்த ஒருவர், அந்த எழுத்தாளர் செத்துப்போனாராம் என்று சொன்னார். சித்தி அழவில்லை. பிறகு, அவருக்கு முப்பத்தோராம் நாள் படைக்கப்போவதாக அறிவித்தார்.

"கண்டறியாத மனிசனுக்கு நீ ஏன் படைக்கிறாய்? அயல் சிரிக்கப்போகுது" என்றார் அம்மா.

"இஞ்ச அவருக்கு எங்களை விட்டா ஆர் இருக்கினம், அக்கா?"

அம்மா முணுமுணுத்துக்கொண்டே உழுந்தை ஊறப்போட்டார். பொருளாதாரத் தடைக்காலம், சீனி கிடையாது; பாயாசம் பனங்கட்டியில்தான். செத்தவருக்கு விருப்பமானதைப் படைக்க வேண்டுமே, அங்கேதான் சிக்கல். அவர் கதைகளில் ஒருவரும் சோறு தின்பதில்லை. காலையில் ஒரு குளிசை போட்டால் நாள் முழுக்கப் பசிக்காது. ஆகவே சித்தி, புத்தகப் பின்னட்டையிலிருந்த அவர் படத்துக்குச் சந்தனம் வைத்து, இலையில் வடைக்குப் பக்கத்தில் ஒரு விற்றமின் குளிசையும் வைத்தார். அக்காமார் பயபக்தியோடு கும்பிட்டார்கள்.

காகம் வடையைத் தூக்கிக்கொண்டு போனது. குளிசையைத் திரும்பியும் பார்க்கவில்லை. சித்தியின் முகம் வாடிவிட்டது.

"உயிரோட இருக்கேக்க குளிசை. செத்தாப் பிறகாவது வடை தின்னட்டுமே" என்றார் அம்மா. சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் மூன்று கிண்ணம் பாயாசம் குடித்தேன்.

சில மாதங்களுக்குப் பிறகு யாரோ ஒரு வார இதழ் கொண்டுவந்தார்கள். அதில் எழுத்தாளரின் புதிய தொடர் தொடங்கியிருந்தது. கூடவே, போன மாதம் நடந்த மகளின் கலியாணப் பந்தியில் அவர் இருக்கும் படம்.

"பாரடி, மனிசன் இலை நிறையச் சோறு தின்னுது!" என்றார் அம்மா.

சாவுச் செய்திக்கு அழாத சித்தி, அந்தப் படத்தைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். சிரித்துக்கொண்டு நின்ற அம்மாவும் சேர்ந்துகொண்டார். நல்ல செய்திக்கு இவர்கள் ஏன் அழுகிறார்கள், திரும்பவும் பாயாசம் காய்ச்சுவார்களா என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். செத்துப்போனார் என்று எங்கள் வீட்டுக்கு வந்த செய்திகளில் பொய்யாய்ப் போனது அது ஒன்றுதான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.