முன்னுக்குக் குடு

என்னால் ஓர் இடத்தில் சும்மா இருக்க முடியாது. மல்வேர்னில் பஸ் ஏறினால், இருக்க இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டுதான் வேலைக்குப் போவேன். தோளில் தொங்குகிற பையில் இரண்டு சோடி சப்பாத்து. ஒன்று உதைபந்துக்கு, மற்றது றக்பிக்கு. அஜின்கோர்ட்டில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் முன்மேசை எனக்கு. திங்கட்கிழமைகளில் கன்றிப்போன கண்ணோடு நான் “குட் மோர்னிங்” சொல்ல, பல்லுக்கொதியோடு வந்த சனம் தங்கள் கொதியை மறந்துவிடும். இரண்டில் ஒன்றை விடு என்று சொல்லாத ஆளில்லை. எதை விடுவது?

உதைபந்து அப்பா தந்தது. எட்டு வயதில், இங்கு குடியேறிய ஊர்க்காரரின் சங்கத்துப் பெண்பிள்ளைகள் அணியில் என்னைக் கோல் காக்க நிறுத்தினார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் என் வலைக்குப் பின்னால் நின்று கத்துவார். “வெளியாலை வா! பாத்துப் பிடி! முன்னுக்குக் குடு!” எனக்கு முப்பது தாண்டியும் அது நிற்கவில்லை. வீட்டில் அவர் அதிகம் கதைக்கிற மனிதர் இல்லை. மைதானத்தில்தான் என்னோடு கதைத்தார், அதுவும் என் முதுகோடு.

றக்பி ஓர் அயர்லாந்துக்காரியால் வந்தது. அவளுக்கு என் வயதுதான். கட்டடங்கள் எழும்புகிற இடங்களில் அளவெடுக்கிற வேலை. எதிரணிக்கு உதைபந்து ஆட வந்தவள், ஒரு கோர்னர் பந்துக்கு என்னோடு சேர்ந்து எழும்பினாள். பந்தைப் பிடித்தபடி நான் அவள் மேலேயே விழுந்தேன். சண்டைக்கு வரப்போகிறாள் என்று பார்த்தால், மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, செவ்வாய்க்கிழமை றக்பிக்கு வா என்றாள். போனேன். போகாமல் இருக்கத்தான் எனக்குத் தெரியாதே.

அவள் தன் நாட்டு அணிக்கு முதலில் உதைபந்தும் பிறகு றக்பியும் ஆடியவள். உதைபந்துக்காரருக்கு அவள் விட்டுவிட்டு ஓடியவள். றக்பிக்காரருக்கு இரவலாக வந்தவள். இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். சிரிக்காமல் சொன்னது ஒன்றுதான். அவளுடைய உதைபந்து ஆட்டம் ஒன்றையும் தவறவிடாத தகப்பன் றக்பிக்கு ஒருநாளும் வரவில்லை. அடுத்த வருடம் எப்படியும் கூட்டி வரலாம் என்று இவள் நினைத்திருக்க, அவர் செத்துப்போனார்.

அதைக் கேட்ட பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் அப்பாவும் அதே சாதி. “உது கொழும்புப் பெடியள் விளையாடுற றகர். உருண்டைப் பந்து இருக்கேக்கை முட்டைப் பந்து என்னத்துக்கு?” என்று முதல் நாளே முடித்துவிட்டார். ஒவ்வொரு சனியும் வாசலில் நின்று, “வாறீங்களோ அப்பா?” என்று கேட்பேன். வானத்தைப் பார்க்காமலே, “மழை வரும் போலை கிடக்கு” என்பார். வெளியே யூலை வெயில் கொளுத்தும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுத் திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது.

றக்பியில் என் கைக்கு ஏறாத சட்டம் ஒன்றுதான். பந்தைக் கையால் கொடுப்பதென்றால் பக்கத்துக்கோ பின்னுக்கோதான் கொடுக்கலாம். முன்னுக்குக் கொடுத்தால் விசில். முதல் வருடம் முழுக்க நான் முன்னுக்கே கொடுத்தேன், அயர்லாந்துக்காரியிடம் ஏச்சு வாங்காத பயிற்சி இல்லை. பிறகு ஒருமாதிரிப் பழகிக்கொண்டேன்.

போன வருடம் இலைகள் நிறம் மாறுகிற நேரத்தில் அரையிறுதி ஆட்டம். அன்று நான் அப்பாவைக் கேட்கவில்லை. கேட்டு அலுத்துவிட்டது.

ஆட்டம் முடிகிற கட்டம். கோட்டைத் தாண்டி ஒருமுறை பந்தை நிலத்தில் வைத்தால் வெற்றி எங்களுக்கு. பந்து என் கையில். இரண்டு பேரை வெட்டிக்கொண்டு ஓடி நிமிர்ந்தால், எதிரே கோல் கம்பங்களுக்குப் பின்னால் அப்பா. எப்போது வந்தாரோ தெரியாது. கம்பத்தைக் கண்டதும் பழக்கதோசத்தில் அங்கே போய் நின்றிருக்கிறார். நான் விளையாடும்போது அவருடைய முகத்தை நான் கண்டதே இல்லை. இரண்டு கையையும் மேலே தூக்கி, கழுத்து நரம்பு புடைக்க, வீட்டில் ஒருநாளும் பார்த்திராத ஒரு முகம்.

“முன்னுக்குக் குடு பிள்ளை! முன்னுக்குக் குடு!”

வலப்பக்கம், எனக்குச் சற்று முன்னால், எங்கள் ஆள் ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள். கொடுத்துவிட்டேன்.

விசில். அவள் கோட்டைத் தாண்டி விழுந்தது கணக்கில் இல்லை. பந்து எதிரணிக்குப் போனது, கொஞ்ச நேரத்தில் ஆட்டமும் முடிந்தது.

அயர்லாந்துக்காரி வாயில் வந்தபடி ஏசிக்கொண்டு வந்தாள். பின்னால் தான் கை நீட்டிக்கொண்டு ஓடிவந்தது கண்ணில் படவில்லையா என்று கேட்டாள். நான் கம்பத்துப் பக்கம் காட்டி, அது என் அப்பா, கொடு என்று தமிழில் கத்தினார், கொடுத்துவிட்டேன் என்றேன். ஏச்சு பாதியில் நின்றது. மழை வரும் என்று சொல்கிறவரா என்று கேட்டாள். தலையாட்டினேன். அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றப் போய்விட்டாள்.

காரில் ஏறியதும் அப்பா தொடங்கினார்.

“நல்ல பாஸ் தானே. உவன் ஏன் ஊதினவன்?”

“கையாலை முன்னுக்குக் குடுக்கக் கூடாதப்பா. பின்னுக்குத்தான்.”

மார்க்கம் றோட் சிக்னலில் சிவப்புக்குக் காரை நிறுத்தினார்.

“அப்ப நான் சொல்லித்தான் தோத்தனீங்களோ?”

“ஓம்.”

எனக்குக் கோபம்தான். அணியில் எல்லோர் முகத்திலும் எப்படி முழிப்பது என்ற வெட்கமும் இருந்தது. அதோடு, சொன்னால் நம்பமாட்டீர்கள், நெஞ்சு முட்டச் சந்தோசமும்.

“உனக்குச் சட்டம் தெரியும் தானே. பிறகேன் குடுத்தனி?”

“உங்கடை முகத்தைக் கண்டிட்டன்.”

பச்சை விழுந்தும் கார் நகரவில்லை, பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

“அடுத்த மாட்ச் எப்ப?”

“எல்லாம் முடிஞ்சுதப்பா. இனி வாற வருசம்தான்.”

கண்ணாடிக்கு வெளியே பளீரென்ற வெயில். அப்பா ஒருமுறை குனிந்து வானத்தைப் பார்த்தார்.

“மழை பெய்தாலும் வாறன்,” என்றார்.