பாவு போடும் நாளில் பாய்லரை நிறுத்தியவர்

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் அரிசி மில் முதலாளியோடு நான் சண்டை போடாத மாதமே கிடையாது. நெல் அவிக்கும் பாய்லரில் அவர் உமியைத்தான் எரிப்பார். அந்தக் கரித்தூள் புகைபோக்கி வழியே பறந்து வந்து, மாடியில் காயும் துணியில் விழும், வடகத்தில் விழும், சோற்றுத் தட்டில்கூட விழும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். பாவில் விழுந்தால் மட்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பட்டுச் சேலைக்கு நீளவாட்டில் ஓடும் இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றும் முன் அதைத் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை ஒட்டாமல் நீவிக் காயவைக்க வேண்டும். அந்த ஈரத்தில் கரி உட்கார்ந்தால் தீர்ந்தது கதை. துடைத்தால் கோடாக இழுத்துவிடும். சந்தன நிறச் சேலையில் ஒரு கறுப்புக் கோட்டைப் பார்த்தால் கடைக்காரர் விரித்த வேகத்தில் மடித்துக் கையில் கொடுத்துவிடுவார். நானும் என் கணவரும் தறியை நம்பித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். எனக்குக் கோபம் வராமல் வேறு யாருக்கு வரும்?

மில்லுக்கே போய்க் கத்துவேன். "ஏம்மா, காலங்காத்தால பேஜார் பண்ற?" என்பார் அவர். அப்படிக் கத்திக் கத்தி ஓர் ஏற்பாடு உண்டானது. யார் வீட்டில் பாவு போட்டாலும் முந்தின நாளே மில்லுக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். பாவைச் சுருட்டி முடிக்கும்வரை அவர் பாய்லரைப் பற்ற வைக்க மாட்டார். சில நாள் மறந்துபோய்ப் பற்ற வைத்துவிடுவார். உடனே நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். இவர் ஒரு நல்ல மனிதர் என்று அந்த நாட்களில் எனக்குத் தோன்றியதே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஊருக்கு வெளியே, வயல்களை ஒட்டி, நிலக்கரியில் ஓடும் அனல்மின் நிலையம் ஒன்று வரப்போகிறது என்று பேச்சு எழுந்தது. உமிக்கே இந்தக் கதி என்றால் மலை மலையாக நிலக்கரியை எரித்தால் என்ன ஆகும்? தெருவில் பாவு போடுவதையே மறந்துவிட வேண்டியதுதான். கல்யாண மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள். வாய் இருக்கிறவள் என்று எங்கள் தெருவில் என்னைப் பேசச் சொன்னார்கள்.

வெறுங்கையோடு போய்ப் பேச எனக்கு மனமில்லை. கரி விழுந்து வீணான பாவு ஒன்று வீட்டில் கிடந்தது. அதிலிருந்து ஒரு கற்றையை வெட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் மில்லுக்குப் போய், மேடையில் காட்டப்போகிறேன் என்று அந்தக் கற்றையை அவரிடம் எடுத்துக் காட்டினேன்.

"அண்ணா, நீங்க அங்க வராதீங்க. உங்க மில்லு பொகைய காட்டியே அவங்க தப்பிச்சிக்குவாங்க."

"சரிம்மா," என்றார். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் அதிகாரிகள், அவர்களுக்குப் பக்கத்தில் மின் நிலையம் கட்டும் நிறுவனத்தின் நிபுணர். திரையில் படம் போட்டுக் காட்டி, தங்கள் புகைபோக்கி மிக உயரம், தூசு கீழே வரவே வராது என்று விளக்கினார். என் முறை வந்ததும் பட்டுக் கற்றையை உயர்த்திப் பிடித்தேன். "பாருங்க சார், கரி வியுந்தா எங்க பொயப்பு இப்படித்தான் ஆவும்!" கைதட்டல் அடங்கியதும் நிபுணர் சிரித்துக்கொண்டே மைக்கை எடுத்தார்.

"அம்மா, எங்க பிளாண்ட்டுக்கு இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கல. அப்ப இந்தக் கரி எங்கேர்ந்து வந்துச்சு?"

மண்டபமே சிரித்தது. எங்கள் ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது. உண்மையைச் சொன்னால் மில்லைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். சொல்லாவிட்டால் பொய்க்காரி. ஊர் உலகத்துக்கே பதில் சொல்லும் நான் கற்றையைப் பிடித்துக்கொண்டு வாயடைத்து நின்றேன்.

"அது என் மில்லு கரி சார்."

கடைசி வரிசையில் அவர் எழுந்து நின்றார். வர வேண்டாம் என்று நான் சொல்லியும் வந்திருந்தார்.

"என்னுது சின்ன மில்லு. அதுக்கே இந்தம்மா மாசா மாசம் வந்து சண்ட போட்டுகினு இருக்கும். இவங்க பாவு போட்டா நான் பாய்லர நிறுத்திடுவேன். சுருட்டுனப்புறம்தான் பத்த வைப்பேன். நாளைக்கு இதே அம்மா உங்க கேட்டாண்ட வந்து, எங்க வூட்ல பாவு, நிறுத்துங்கன்னு சொன்னா நீங்க நிறுத்துவீங்களா?"

நிபுணர் தொண்டையைச் செருமினார். "அது இருபத்துநாலு மணி நேரமும் ஓடற பிளாண்ட். அப்படியெல்லாம் நிறுத்த முடியாது."

"அப்ப இவங்க யாராண்ட போய் சண்ட போடுவாங்க?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியையும் நிபுணரின் பதிலையும் அப்படியே பதிவு செய்யச் சொன்னார் அதிகாரி. அதன்பிறகு விவசாயிகள், பள்ளி ஆசிரியர்கள், டீக்கடைக்காரர் என்று ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். சில மாதம் கழித்துத் திட்டத்தைக் கைவிட்டதாகச் செய்தி வந்தது. எதனால் கைவிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. தெருவில் எல்லோருக்கும் கேசரி கிண்டிக் கொடுத்தேன்.

ஆனால் மில் முதலாளியின் பேச்சும் பதிவாகியிருந்தது. ஆய்வுக்கு ஆட்கள் வந்தார்கள். தூசு பிடிக்கும் கருவி மாட்டும்வரை மில்லை மூடச் சொல்லிவிட்டார்கள். அது எனக்குத் தெரிந்தும் உடனே போய்ப் பார்க்கவில்லை. கால் வரவில்லை. பேச்சு வேகத்தில் மாட்டிக்கொண்டார், பாவம் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன், அப்படி நம்புவது எனக்கும் சௌகரியமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்துப் போனேன். மூடிக் கிடந்த மில்லில் நாற்காலி போட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாய் தவறிச் சொல்லி இப்படி ஆயிடுச்சேண்ணா," என்றேன்.

"யாரு வாய் தவறுனது? வரக்கூடாதுன்னு நீ வந்து சொன்னியே, அன்னிக்கு நைட்டே என் பொண்டாட்டியாண்ட சொல்லிட்டேன். அவங்க கரியப் பத்தி கேப்பாங்க, இந்தம்மா என்னக் காட்டிக் குடுக்காது, முழிச்சிகினு நிக்கும், நான் போய்த்தான் சொல்லணும், அப்பால மில்ல மூடுவாங்கன்னு. அவளும் சரி போய்ட்டு வான்னுட்டா."

நான் அழுதுவிட்டேன். அவருக்கும் அவர் மனைவிக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அத்தனை காலம் அவர் வாசலில் நின்று கத்திய நான் அவரை யோசித்துப் பார்த்ததே இல்லை. அவரோ, நான் எந்த இடத்தில் வாயடைத்து நிற்பேன் என்பதுவரை என்னைத் தெரிந்துவைத்திருந்தார்.