இறக்கச் சொன்னது யார்?

அன்றைக்குக் குடித்திருந்தாயா என்று எல்லோரும் கேட்டுவிட்டார்கள். நீங்களும் கேட்காதீர்கள். காலையில் குடித்த மாத்தே பானத்தைத் தவிர என் வயிற்றில் எதுவும் இல்லை. இது நடந்தது. எனக்கும் என் மனைவியின் தம்பி நோல்பெர்த்தோவுக்கும் நடந்தது.

எங்கள் சிலோயே தீவில் மழை நின்றால்தான் செய்தி. குளிரும் ஈரமும் சேர்ந்து, மரத்தரையைத் தாங்கும் முட்டுக்கட்டைகளை இற்றுப்போகச் செய்யும். அவற்றை மாற்றுவதுதான் எங்கள் பிழைப்பு. அன்று போன உபெர்லிந்தா அம்மாள் வீட்டில் சமையலறைத் தரை கால் வைத்தாலே அமுங்கியது.

அங்கே நாலு பலகையைப் பெயர்த்து, தரைக்கு அடியில் ஓடும் உத்திரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினேன். புதுக் கட்டையை நிறுத்த, நோல்பெர்த்தோ வெளிச்சுவர் ஓட்டை வழியாகத் தரைக்கு அடியில் ஊர்ந்து போக வேண்டும்.

"தொப்பைய உள்ள இழுத்துக்க. மாட்டிக்கிட்டா உங்க அக்கா என் தோலை உரிச்சிடுவா."

"என் தொப்பைய நான் பாத்துக்கறேன். நீ ஜாக்கியப் பாரு மச்சான்."

தகரக் கூரையில் மழை கொட்டும்போது கத்தினாலும் கேட்காது. அதனால் சுத்தியல்தான் எங்களுக்கு வாய். இரண்டு தட்டு என்றால் பொறு. மூன்று என்றால் கட்டை நின்றுவிட்டது, இறக்கு.

மணி மூன்றேகால்.

டொக்... டொக்... டொக்.

அதற்குள்ளாகவா? அரை மணி நேர வேலை ஆயிற்றே. இருந்தாலும் தட்டிவிட்டானே என்று இறக்கினேன்.

அலறல்... மழையையும் மீறிக் கேட்டது.

"தூக்கு! கை... என் கை!"

ஜாக்கியை மிதித்து மிதித்து அடித்தேன். உத்திரம் அசையவில்லை. ஜாக்கிதான் சேற்றுக்குள் இறங்கியது.

டொக். டொக். டொக்.

"தூக்கு...!"

டொக். டொக். டொக்.

அலறுகிறவன் எப்படித் தட்டுவான்?

"விட்டுடு... அவனை விட்டுடு!" யாரிடம் கெஞ்சினேன் என்று தெரியாது. பெயர்த்த பலகையை ஜாக்கிக்கு அடியில் திணித்தேன். அடித்தேன். அழுதுகொண்டே அடித்தேன்...

உத்திரம் ஒரு விரல் எழுந்தது.

வெளியே ஓடினேன். ஓட்டைக்குள் தலையை விட்டு, அவன் காலைப் பிடித்து இழுத்தேன். இடது கை கூழாகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். அவன் கண் விழித்ததும் கேட்டேன்.

"ஏண்டா தட்டின?"

"நான் எங்க தட்டினேன்? சுத்தியல நீதானே வாங்கிக்கிட்ட."

"நானா?"

"பக்கத்துல வந்து படுத்தியே மச்சான். என் கையப் பிடிச்சு கட்டை மேல வெச்சதே நீதானே..."

மயக்க மருந்தில் உளறுகிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் சாமான்களை எடுக்கப் போனேன். உபெர்லிந்தா அம்மாள் அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தத் தம்பி எப்படி இருக்கு?"

"உயிர் தப்பிச்சிடுச்சும்மா. கைதான் போச்சு."

அவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். பிறகு என்னையே பார்த்தார்.

"விறகு எடுக்க வந்தப்ப பாத்தேன். முதல்ல அந்தத் தம்பி உள்ள போச்சு. பின்னாடியே நீங்களும் ஊர்ந்து போனீங்க."

"நான் சமையலறையை விட்டு நகரவே இல்லையேம்மா!"

"நாந்தான் கண்ணால பாத்தேனே. அப்புறம் அந்தத் தம்பிய நீங்க வெளியில நின்னு இழுத்தப்பதான் எனக்கு ஒண்ணும் புரியல..."

அவர் குரல் தணிந்தது.

"உள்ள போன நீங்க, எப்ப தம்பி வெளிய வந்தீங்க?"