துலுக்கானத்தின் மாத்திரை

தெருவுக்குள் நாகவல்லி வந்தால் கோவில்பதாகை ஊரில் சில வீடுகள் கதவைச் சாத்திக்கொள்ளும். ரத்தம் எடுக்கிற பொம்பளை என்று பேர். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சாத்திய கதவுக்கு வெளியே நின்றே நலம் விசாரித்துவிட்டுப் போவாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் இந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். அவளுக்கு ஒரு மருத்துவ ஆராய்ச்சி மையத்தில், வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து வருகிற வேலை.

சில வருடங்களாக அவள் பார்த்தது சிறுநீரக ஆராய்ச்சி. சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட ஆரம்பித்தவர்களுக்கு ஒரு புது மாத்திரை. பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று விழுங்குகிறவருக்கும் தெரியாது, கொண்டுபோய்க் கொடுக்கிற நாகவல்லிக்கும் தெரியாது. அப்போதுதான் மருந்தின் உண்மையான பலன் தெரியுமாம். இதைப் புரியவைப்பதற்குள் அவளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டும் துலுக்கானம் இதில் சேர்ந்திருந்தார். அவர் மனைவி அனுசுயாவுக்கும் அதே நோய்தான். முற்றிவிட்டது என்று அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தலைவலி மாத்திரையைக்கூட உடைத்து ஆளுக்குப் பாதி போட்டுக்கொள்கிற ஜனங்கள் நாம். தனக்கு வைத்தியம், பெண்டாட்டிக்கு இல்லை என்றால் எந்த மனுஷனுக்கு மாத்திரை தொண்டையில் இறங்கும்? ஒரு நாள் தான் போட்டுக்கொண்டார், மறுநாள் அவளுக்குக் கொடுத்தார். படித்தவர்கள் கூடி எத்தனையோ யோசித்தார்கள், இதை யோசிக்கவில்லை.

அந்த வருஷம் ஆடியில் அனுசுயா இறந்துபோனாள். காரியம் முடிந்த பிறகு துலுக்கானம் நாகவல்லியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார்.

"நான் குடுத்த மாத்திரதான் அவள எட்துகினு பூட்ச்சாம்மா?"

அவள் போய் மையத்தில் சொன்னாள். அவரை ஆராய்ச்சியிலிருந்து நீக்கினார்கள். அவருக்குக் கொடுத்தது எது என்பதை ஆராய்ச்சி மொத்தமும் முடிந்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார்கள். அந்த விதியில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. பெண்டாட்டியைக் கொன்றவன் தான்தான் என்று நம்பிக்கொண்டு ஒரு மனிதர் சோற்றில் கை வைக்காமல் எழுந்துகொண்டிருந்தார். நாகவல்லி விடுமுறை நாளிலும் அவரைப் போய்ப் பார்த்தாள். இன்னும் தெரியவில்லை என்பதைத் தவிர அவளால் வேறென்ன சொல்ல முடியும்?

போன மாதம் முடிவு வந்தது. மருந்து சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெடுவது நன்றாகவே தள்ளிப்போயிருந்தது. மையத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். நாகவல்லி துலுக்கானத்தின் விவரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு நேராக அவர் வீட்டுக்குப் போனாள்.

"உங்க மாத்திரையில மருந்தே இல்லண்ணா. வெறும் மாவு. அது அக்காவ ஒண்ணுமே பண்ணல."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்து அவளும் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் துண்டை எடுத்தார்.

"மாத்திர போட்டதிலிருந்து கால் வீக்கம் கொறஞ்சிக்கீதுன்னு சொல்லிகினே இருந்தாளேம்மா. எனக்கோசரம்தான் சொன்னாளா?"

இதற்கு அவள் மையத்தில் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆமாண்ணா என்றாள்.