அவர் கையில் நிற்காத தீர்த்தம்

எழுபத்து நாலாம் வருஷம் ஐப்பசி மாதம், மூன்று டாக்டர்கள் ஒன்றாக உட்கார்ந்து, என் வீட்டுக்காரரின் வலது கை நூற்றுக்கு ஆறு பங்குதான் கெட்டிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு புதுவாயல் பஸ் நிற்கும் இடத்தில் நான் நின்ற நிலை என் விரோதிக்கும் வேண்டாம். அடியார்களே, என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பூ மடித்து வந்த காகிதங்களைக் கூட்டிக் கூட்டிப் படித்து எழுத்துக் கற்றவள் நான். நடந்ததைச் சொல்வதில் பிழை இருக்காது.

என் வீட்டுக்காரர் பெயர் வரதன். திருவள்ளூரில் பெருமாளுக்கு மாலை கட்டும் வீட்டில் பிறந்தவர். அண்ணன் தம்பி நாலு பேருக்கு அந்த வேலை போதவில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரும்புக் கம்பி செய்யும் தொழிற்சாலைக்குப் போனார். புதுவாயலில் ஒற்றை அறை எடுத்துக் குடியிருந்தோம்; நான் பூ கட்டி விற்றேன். அந்த வருஷம் மாசியில் இயந்திரத்தின் பெல்ட்டு அவர் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. எலும்பு கூடியது, தையல் ஆறியது. பார்த்தால் முழுக் கை. ஐந்து விரலும் இருக்கும், நகம்கூட வளரும். ஆனால் உள்ளே நரம்பு அறுந்துவிட்டது. விரல்கள் ஒன்றோடொன்று சேராது. சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. ஒருநாள் அடுப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர், “இன்னாமே கருகுது?” என்று என்னைக் கேட்டார். கருகியது அவர் விரல்தான். தோசைக் கல்லின் மேல் கையை வைத்திருந்தார்.

திருவள்ளூர்ப் பெருமாளை வைத்தியர் என்றுதான் நம் ஊரில் சொல்வோம். அமாவாசைதோறும் பெரியபாளையம் வழியாகப் பஸ் ஏறிப் போவேன். குளத்தில் வெல்லம் கரைப்பேன், உப்பும் மிளகும் போடுவேன். கை உரு அடித்த தகடு ஒன்று வாங்கி உண்டியலில் போடுவேன். எட்டு அமாவாசை, எட்டுக் கை. அந்தத் தகட்டுக் கையில் விரலெல்லாம் அழகாகச் சேர்ந்திருக்கும். இதே மாதிரி கொடு சாமி, வேறு ஒன்றும் வேண்டாம் என்பேன்.

கை எத்தனை பங்கு கெட்டது என்று டாக்டர்கள் எழுதுவதை வைத்துத்தான் மாதாமாதம் உதவிப் பணம். அவர்கள் கூப்பிட்ட நாளில் என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். பாதிக் கதவின் மேலே எட்டிப் பார்த்தேன். பெரிய டாக்டர் ஒரு பேனாவை மேஜைமேல் வைத்து, “இதை எடுத்துக் கொடு பார்க்கலாம்” என்றார். எந்தக் கையால் என்று சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? உணர்ச்சியில்லாத வலது கையின் கட்டைவிரல் ஓரத்தில் அந்தப் பேனாவை எப்படியோ இடுக்கினார். இடது கையை மணிக்கட்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். குனிந்து, பெருமாளுக்கு மாலை நீட்டுகிற மாதிரி நீட்டினார். அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. அதை அவர்கள் பார்க்கவில்லை. பேனாவைப் பார்த்தார்கள். “நல்லாத்தான்யா இருக்கு” என்று சிரித்து, அதே பேனாவால் ஆறு என்று எழுதினார்கள்.

புதுவாயலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏன்யா, இந்த எடது கையால குடுத்தா இன்னா கொறஞ்சி பூடும்?”

“பெரியவங்களுக்கு எவனாவது பீச்சாங்கைல குடுப்பானாமே? எங்கம்மா இருந்தா தோலை உரிச்சிருக்கும்.”

“உன் மரியாதையைக் கொண்டுபோய் அடுப்புல வை! நம்ம சோத்துல மண்ணப் போட்டுட்டு வந்து நிக்கற.”

பஸ் நிற்கும் இடத்தில் நாலு பேர் பார்க்க அப்படிக் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஊனப்பட்ட மனுஷரை நானும் ஒரு குத்து குத்தினேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கை நன்றாக இருக்கிறதென்று டாக்டரே எழுதிய பிறகு கம்பெனி சும்மா இருக்குமா? மறுநாளே வரச் சொன்னார்கள். போர்மேன் அவரைப் பழைய இயந்திரத்துக்கே கூட்டிக்கொண்டு போனாராம்.

“ஆறுதான போச்சி? மீதி தொண்ணூத்தி நாலு கம்பெனிக்குச் சொந்தம் நைனா. போ, பெல்ட்டாண்ட நில்லு.”

அன்றிலிருந்து அவர் பெயர் ஆறு. “ஏ ஆறு, டீ வாங்கியா.” “ஆறு வருது, ஒதுங்கு ஒதுங்கு.” கூட வேலை செய்கிறவர்களே சொன்னார்கள். வேலை வேண்டாம் என்று நின்றால் வீட்டில் உலை ஏறாது. போனால், சூடு தெரியாத கையை ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் நீட்ட வேண்டும். சாயங்காலம் அவர் தெருமுனையில் திரும்பும்போது முகத்தைப் பார்க்க மாட்டேன். இரண்டு கையும் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

கார்த்திகை அமாவாசைக்கு அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். அடிபட்ட பிறகு அவர் கோயிலுக்கு வந்தது அன்றுதான் முதல். பட்டர் தீர்த்தம் கொடுத்துக்கொண்டு வந்தார். இவர் வலது கையை நீட்டினார். விழுந்த தீர்த்தம் விரல் சந்து வழியாகக் கீழே போய்விட்டது. பட்டர், “நன்னா குவிச்சுக் காட்டுப்பா” என்று மறுபடி ஊற்றினார். மறுபடியும் தரைக்குத்தான் போயிற்று. பின்னால் நின்ற ஆள் கத்தினான்.

“யோவ், தீர்த்தத்த சாக்கடைத் தண்ணியாட்டம் கீழ வுடுற? கைய ஒழுங்கா புடிக்கத் தெரியாதவன்லாம் எதுக்குய்யா கோயிலுக்கு வர்றீங்க? பேஜாரு புடிச்சவன்!”

சின்ன வயதில் ஒரு சொட்டு சிந்தியதற்காக அம்மாவிடம் அறை வாங்கியவர் இவர். தரையில் இருந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. சந்நிதியைப் பார்த்து அழுதுகொண்டே வாய்விட்டுத் திட்டினேன். “எட்டுக் கை வாங்கிக்கினு படுத்துக்கினே இருக்கியே! நீ வைத்தியனா? ஒரு கை குடுக்க வக்கில்லியா உனக்கு?” அழுகை அடங்கிய பிறகு காதில் பெருமாள் குரல் கேட்கவில்லை. அந்த ஆளின் வசவுதான் திரும்பத் திரும்பக் கேட்டது. கையை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதவன்.

சட்டென்று உறைத்தது. பேனாவை இவர் இடுக்கிக் கொடுத்துவிட்டார். தீர்த்தத்தை இடுக்க முடியாது. பெரியவர்களுக்கு இடது கையால் கொடுக்காத இந்த மனுஷர், தீர்த்தத்தை வேண்டுமென்று சிந்துவாரா? டாக்டர்கள் செய்யாத சோதனையைப் பெருமாள் தன் சந்நிதியிலேயே செய்து காட்டிவிட்டார். நான் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அங்கேயே தெரிந்தது.

மூன்று மாதத்துக்குள் அப்பீல் செய்யலாம் என்று அந்தக் காகிதத்தின் அடியில் இங்கிலீஷில் பொடி எழுத்தில் இருந்ததைத் தபால்காரர் படித்துச் சொன்னார். மனுவை நானே எழுதினேன். ஆபீசில் வாங்கின கிளார்க் சிரித்தார்.

“மூணு டாக்டர் எழுதுனத, பூ கட்டுற பொம்பள தப்புன்ற?”

“ஆமாங்க, தப்புதாங்க.”

பங்குனியில் மெட்ராசில் விசாரணை. முந்தின நாள் கோயிலில் தீர்த்தம் வாங்கி, துளசி போட்டுச் சின்னச் சொம்பில் எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டார்.

விசாரணை அதிகாரி நரைத்த தலையும் தடிக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு டாக்டர், எதிரே கம்பெனி அனுப்பிய ஆள். நான் சொம்பைக் காட்டி, “ஐயா, இந்தத் தீர்த்தத்த இவரு சோத்தாங்கைல ஊத்தணும். நீங்க பாக்கணும்” என்றேன்.

“இது ஆபீசா, கோயிலா?” என்றார் கம்பெனி ஆள்.

“அதுல இன்னாம்மா தெரியும்?” என்றார் அதிகாரி.

“தீர்த்தம் சிந்துறது இவருக்குப் பாவங்க. ஒரு சொட்டு வுடமாட்டாரு. கை இருந்தா.”

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “ஊத்து” என்றார்.

என் வீட்டுக்காரர் முகம் செத்துவிட்டது. “அடிப்பாவி, வேணாமே” என்றார். ஆனால் தீர்த்தம் வருகிறது என்றதும் கை தானாக நீண்டது. பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். தாங்கிப் பிடிக்க இடது கையும் கூடவே வந்தது. அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். விடாமல், இறுக்கி. அவர் இழுத்தார். நான் விடவில்லை.

அப்போது நான் செய்த பிரார்த்தனையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எட்டு மாதம் கை கொடு, கை கொடு என்று கேட்டவள், “பெருமாளே, இவரு கைல நிக்க வுடாத” என்று வேண்டினேன். தாலி கட்டிய கை கெட்டே இருக்க வேண்டும் என்று கட்டிக்கொண்டவளே கேட்டேன்.

ஊற்றினேன். நிற்கவில்லை. அவர் அவசரமாகக் குனிந்து வாயைக் கொண்டுவந்தார். அதற்குள் எல்லாம் தரையில்.

“விரல வேணும்னே விரிக்கிறான் சார், நடிப்பு. இன்னொரு தபா ஊத்தச் சொல்லுங்க” என்றார் கம்பெனி ஆள்.

இரண்டாம் தடவை ஊற்றினேன். மூன்றாம் தடவை ஊற்றினேன். சொம்பு காலியானது. என் வீட்டுக்காரர் என் பிடியை உதறிக்கொண்டு முழங்காலில் விழுந்தார். எத்தனையோ பேர் செருப்போடு நடந்த அந்தத் தரையில் வாயை வைத்து, கிடந்த தீர்த்தத்தை உறிஞ்சினார். துளசியை நாக்கால் எடுத்தார். கம்பெனி ஆள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். “போதும்மா” என்றார். பக்கத்து டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தார். டாக்டர் இவரை நாற்காலியில் உட்காரவைத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளச் சொன்னார். ஓர் ஊசியை எடுத்து வலது கையின் சுண்டுவிரலில் குத்தினார். அடுத்த விரலில் குத்தினார். அதற்கடுத்த விரலில் ஆழமாகவே குத்தினார். மூன்று இடத்திலும் ரத்தம் முத்து முத்தாக நின்றது. சுவரைப் பார்த்தபடியே இவர் பணிவாகக் கேட்டார்: “எப்ப ஆரம்பிக்கப் போறீங்க ஐயா?”

சித்திரையில் தபால் வந்தது. ஆறு என்பதை அடித்துவிட்டு, நூற்றுக்கு அறுபது என்று எழுதியிருந்தார்கள். உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் உதவி உண்டு. பெல்ட்டாண்டை நிற்க வேண்டியதில்லை. நான் பெருமாள் படத்தின் முன் விழுந்து அழுதேன். அவர் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. “தீர்த்தத்த மிதிபட்ட எடத்துல கொட்டிட்டியேமே” என்றார். ஆனி வரைக்கும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் அடிபட்டவர்கள் என்னிடம் மனு எழுத வருகிறார்கள். ஆந்திர எல்லையில் இருக்கும் ஆரம்பாக்கத்திலிருந்துகூட வருகிறார்கள். எழுதிக் கொடுத்து, போகும்போது ஒன்று சொல்லி அனுப்புவேன்: “டாக்டராண்ட மரியாத பாக்காத. முடியலன்னா முடியலன்னு வாயத் தொறந்து சொல்லு.” பெருமாளிடமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இந்தக் கஷ்டத்தில் கற்றேன். திட்ட வேண்டுமானால் திட்டுங்கள். ஆனால் அவர் எதிரே போய் நில்லுங்கள். பதில் எந்த வாயிலிருந்து வரும் என்று நமக்குத் தெரியாது. எனக்கு என் வீட்டுக்காரரை வைதவன் வாயிலிருந்து வந்தது.

கை வரவில்லை. இனி வராது. தகடு போடுவதை நிறுத்திவிட்டேன். அமாவாசைக்கு நீங்களும் வாருங்கள், வரிசையில் எங்களைப் பார்க்கலாம். தீர்த்தம் வரும்போது அவர் வலது கையை நீட்டுவார். அவர் விரல்களுக்குக் கீழே என் கையைக் குவித்து வைத்திருப்பேன். அவர் கையில் விழுந்தது என் கையில் வந்து நிற்கும். அவர் குனிந்து என் உள்ளங்கையிலிருந்து குடிப்பார். பின்னால் யாராவது சீக்கிரம் நகரச் சொல்லிக் கத்துவார்கள். அவர் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து முடித்த பிறகுதான் நான் கையை எடுப்பேன்.